குதிரைக்குக் கொள்ளு யார் கணக்கு?

எஜமானன் காரியமாக ஊழியன் வெளியூர் போகிறான். அவன் ஏறிப் போகிற குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போட வேண்டியது யார்? எஜமானன்தான் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எவ்வளவு கொள்ளு என்று கேட்கும்போதுதான் தகராறு பிறக்கிறது. இந்தத் தகராறுக்காக ஒரு சமயம் வெள்ளைக்கார அதிகாரிகளே கலகம் செய்திருக்கிறார்கள்.

நம் லாரி டிரைவர்கள் இன்றும் கேட்டு வாங்குகிற ‘பேட்டா’, கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குகளில் புழங்கிய சொல். படையோடு புறப்படும் அதிகாரிக்குச் சம்பளத்துக்கு மேல் செலவுக்கென்று கொடுத்த படி அது. 1757-இல் பிளாசி வெற்றிக்குப் பிறகு, மீர் ஜாபர் வங்காளப் படையின் அதிகாரிகளுக்கு அதை இரட்டிப்பாக்கினார். யுத்தம் முடிந்தது, இரட்டைப் படி முடியவில்லை. 1766 ஜனவரி முதல் தேதியிலிருந்து கிளைவ் அதை நிறுத்தினார். அதே மீர் ஜாபரிடம் ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன் வருமானமுள்ள ஜாகீரைப் பெற்றுக்கொண்ட மனிதர் சிக்கனம் உபதேசித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிகாரிகள் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் ராஜிநாமா செய்வதென்று தீர்மானித்தார்கள். கிளைவ் சென்னைக்கு எழுதி மாற்று அதிகாரிகளைக் கேட்டார். தாமே மோங்கீருக்குச் சென்று கலகத்தை அடக்கினார். அதில் பதவி இழந்த சர் ராபர்ட் பிளெட்சர் பிற்பாடு சென்னைப் படைக்கே தளபதியாக வந்தார். 1776-இல் கவர்னர் பிகட்டைச் சிறைப்பிடித்த கோஷ்டியிலும் இருந்தார். இதை நான் நாவலில் எழுதியிருந்தால் ஒருவரும் நம்பமாட்டீர்கள்!

கிளைவின் நாட்டில் இன்று கொள்ளுக்குப் பதில் மின்சாரம். கம்பெனி தரும் மோட்டாரில் வேலையாகச் சுற்றுகிறவர்கள் பெட்ரோல் போட்ட காலத்தில் ரசீதை நீட்டினால் போதும். மின்சாரத்துக்கு ரசீது ஏது? அது வீட்டுக்குள்ளே, தேநீர்க் கெட்டிலோடும் துணி துவைக்கும் யந்திரத்தோடும் கலந்து, ஒரே பில்லாக வந்து சேருகிறது. எத்தனை யூனிட் எஜமானனுக்கு, எத்தனை யூனிட் கெட்டிலுக்கு?

பிரிட்டிஷ் வரி இலாகாவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அதன் வரிச் சாஸ்திரப்படி மின்சாரம் எரிபொருளே அல்ல! ஆகவே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மைலுக்கு இவ்வளவு என்று வகுத்தவர்கள், முழு மின்சார மோட்டாருக்கு 2018 செப்டம்பரில்தான் ஒரு விகிதம் சொன்னார்கள்: மைலுக்கு 4 பென்ஸ். மின்சார விலை ஏறியபோது அதுவும் தயங்கித் தயங்கி ஏறி, 2023 செப்டம்பரில் 10 பென்ஸைத் தொட்டது, பிறகு இறங்கிற்று. வீட்டில் கம்பெனி மோட்டாருக்கு ஏற்றிய மின்சாரத்துக்கு முதலாளி ஈடு செய்தால் அதற்கு வரி விலக்கு உண்டு என்பதை அந்த இலாகா ஒப்புக்கொண்டதே 2023 ஆகஸ்டில்தான். அதற்கும் அந்த மின்சாரம் அந்த மோட்டாருக்குத்தான் போயிற்று என்று காட்ட வேண்டும்.

இத்தனை ஏற்பாட்டிலும் அகப்பட்டுக்கொண்டவன் மாடிக் குடியிருப்பில் வசிக்கிற ஊழியன். சொந்த வாசலும் வாசலில் ஒரு மின் இணைப்பும் உள்ளவன், இரவில் மலிவு விலையில் ஏற்றிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட முடியாதவன் தெருமுனை நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே யூனிட் விலை வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. போதாததற்கு, 2025-இல் வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத வரியும் தெரு மின்சாரத்துக்கு 20 சதவீத வரியும் வாங்கினார்கள். எஜமானன் கொடுத்த படியோ இருவருக்கும் ஒன்றுதான். முதலாளி இரக்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால், உண்மையான செலவு அவ்வளவுதான் என்று வரி இலாகாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை முதலாளிகள் அந்தச் சிரமத்தை மேற்கொள்வார்கள்? ஆக, வாசல் இல்லாத குற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் பலரும் தங்கள் சம்பளத்திலிருந்தே எஜமானனுடைய குதிரைக்குக் கொள்ளு போட்டிருப்பார்கள். கிளைவின் அதிகாரிகளைப் போல் இவர்கள் கூடிக் கலகம் செய்யவில்லை. மைலுக்குச் சில பென்ஸ் என்று சொட்டுச் சொட்டாகப் போகிற பணத்துக்கு யார் கலகம் செய்வார்கள்?

2025 செப்டம்பர் முதல் தேதியன்று இரண்டு விகிதங்கள் வந்தன. வீட்டில் ஏற்றினால் மைலுக்கு 8 பென்ஸ். தெருவில் ஏற்றினால் 14. பாதி வீட்டிலும் பாதி தெருவிலும் ஏற்றுகிறவன், எந்த மைல் எந்த மின்சாரத்தில் ஓடியது என்று பிரித்துக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.