டப்ஸ் திருத்தம்

டப்ஸ் திருத்தம் என்பது, ஐரோப்பிய நாடுகளில் பெற்றோர் துணையின்றித் தவித்த அகதிச் சிறுவர்களைப் பிரித்தானியாவுக்கு அழைத்துவர வழிசெய்த சட்டப்பிரிவு ஆகும். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 67ஆவது பிரிவாக இது உள்ளது. இதைப் பிரபுக்கள் அவையில் கொண்டுவந்த ஆல்ஃப் டப்ஸ், 1939இல் ஆறு வயதில் பிராக் நகரிலிருந்து இரயிலேறித் தப்பி வந்தவர். நாட்சிகளிடமிருந்து சுமார் 10,000 குழந்தைகளை மீட்ட ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ முயற்சியில் பிழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவர் முதலில் கேட்டது 3,000 சிறுவர்களுக்கான இடம். ஐரோப்பாவில் இருப்பவர்களை அழைத்தால் மேலும் பலர் ஆபத்தான கடற்பயணத்தில் இறங்குவர் என்று அரசு வாதிட்டது. 2016 ஏப்ரல் 25 அன்று கீழவை 294க்கு 276 என்ற வாக்குகளில் அதை நிராகரித்தது. பின்னர் எண்ணை நீக்கிவிட்டு, உள்ளாட்சி மன்றங்களைக் கலந்து அரசே எண்ணை முடிவுசெய்யும் என்று மாற்றியதும் அரசு ஏற்றுக்கொண்டது. மே 12 அன்று அது சட்டமானது.

எண் நீங்கியதுதான் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். தனியே வரும் சிறுவர் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில் சேர்வர். வளர்ப்புக் குடும்பம், பள்ளி, சமூகப் பணியாளர் என எல்லாவற்றையும் அம்மன்றமே ஏற்பாடு செய்யவேண்டும். அரசு தரும் மானியம் போதவில்லை என்பது மன்றங்களின் குறை. ஆகவே, எத்தனை சிறுவர் தவிக்கிறார்கள் என்பது அளவுகோலாகவில்லை. மன்றங்கள் எத்தனை இடம் காட்டின என்பதே அளவுகோலாயிற்று.

2016 அக்டோபரில் பிரான்சின் கலே முகாம் இடிக்கப்பட்டது. அங்கிருந்தோருக்கு வயது வரம்பு 12. சிரியா, சூடான் நாட்டவருக்கு மட்டும் 15. ஆப்கானிஸ்தானின் 13 வயதுச் சிறுவன் வயதைக் காட்டித் தகுதிபெற முடியாது. பாலியல் சுரண்டலுக்கு ஆளாகும் அபாயம் மிகுந்தோருக்கு வேறு வழி இருந்தது.

2017 பிப்ரவரியில், ஏற்கெனவே வந்துவிட்ட 200 பேரையும் சேர்த்து மொத்தம் 350தான் என்று அரசு அறிவித்தது. ஏப்ரலில் 130 இடங்கள் நிர்வாகப் பிழையால் கணக்கில் விடுபட்டதாகக் கூறி அதை 480 ஆக்கியது. எழுத்தர் தவறு என்று கடந்துபோகக் கூடியதா அது? ஒவ்வோர் இடமும் ஒரு குழந்தையின் படுக்கை அல்லவா!

தொண்டு நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. மன்றங்களைக் கலந்தாலோசித்த முறையில் குறையில்லை என்றும், நிராகரிக்கப்பட்ட சிறுவர்களுக்குப் போதிய காரணம் சொல்லப்படவில்லை என்றும் 2018 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 480 இடங்களும் 2020இல் நிரம்பின, திட்டம் முடிந்தது. இவ்வாறு வந்து, அகதி நிலை கிடைக்காதவர்களுக்கு ஐந்தாண்டுத் தங்கும் உரிமையும், அதன்பின் நிரந்தரக் குடியுரிமைக்கு முந்தைய வதிவிட உரிமை கோரும் வாய்ப்பும் தரப்பட்டன.