களச்சோதனைத் தரவு சேகரிப்பு மென்பொருள்

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வயலிலோ தெருவிலோ வீட்டுத் திண்ணையிலோ நடக்கும் அறிவியல் சோதனைகளின் அளவுகளையும் விடைகளையும் அங்கேயே கைபேசியிலோ டேப்லெட்டிலோ பதிந்து மையக் கணினிக்கு அனுப்பும் நிரல்களின் பொதுப்பெயர் இது. களத்தில் காகிதப் படிவத்தை நிரப்புவது, பிறகு அலுவலகத்தில் கணினியில் ஏற்றுவது என்றிருந்த இரண்டு வேலைகளை இவை ஒன்றாக்கின. காகிதமும் காலமும் மிச்சம் என்பதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பயன், ஒரு பதிவு எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கையால் ஆனது என்பதற்குச் சாட்சி கிடைப்பது. இந்தியாவில் அந்தச் சாட்சிக்கு மிகவும் ஏங்கிய இடம் நெல்வயல்.

பயிர் அறுவடைப் பரிசோதனை

இந்தப் போகத்தில் என்ன விளைந்தது என்ற கேள்விக்கு நெடுங்காலம் கிராம அதிகாரியின் கண்மதிப்பே பதிலாக இருந்தது. இத்தனை அணா விளைச்சல் என்று அவர் எழுதினால் அதுதான் கணக்கு. 1920களில் பீகார்-ஒரிசா மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி ஜே. ஏ. ஹப்பாக், சமவாய்ப்பு முறையில் தேர்ந்த சின்னஞ்சிறு பரப்புகளில் நெல்லை அறுத்து எடைபோட்டு விளைச்சலைக் கணக்கிட்டார். அவருடைய அறிக்கையைப் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1927இல் வெளியிட்டது. இவரே பின்னாளில் ஒரிசாவின் முதல் ஆளுநர்.

அடுத்து வந்தது இந்தியப் புள்ளியியலின் புகழ்பெற்ற சண்டை. பி. சி. மகலனோபிஸ் சிறிய வட்டங்களை அறுத்தால் போதும், செலவும் குறையும் என்றார். பி. வி. சுகாத்மே மறுத்தார். பரப்பு சிறிதாகச் சிறிதாக, விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே இழுத்துக்கொள்ளும் கையின் சாய்வு பெரிதாகும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் வாதம். அரசு நடைமுறை சுகாத்மே பக்கம் சாய்ந்தது. இன்று பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டமே அளவு. அதில் கிடைக்கும் கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல்.

பூசா நிலையம் 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு டெல்லிக்குப் பெயர்ந்தது. பழைய பெயரையும் கூடவே கொண்டுவந்தது. அந்தப் பூசா வளாகத்தில்தான், சுகாத்மே வளர்த்த புள்ளியியல் பிரிவிலிருந்து உருவான இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இயங்குகிறது.

கட்டம் போட்டு அறுக்கும் செய்முறை எளிது, ஏமாற்றுவதும் எளிது. சர்வே எண் குலுக்கலில் வரும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து சமவாய்ப்பு எண் சொல்லும் அளவுக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து முளை அடிக்க வேண்டும். நான்கு முளை, கயிறு, மூலைவிட்டம் 7.07 மீட்டர் வருகிறதா என்ற சரிபார்ப்பு, பிறகு அறுவடை, கதிரடிப்பு, எடை. களைத்துப்போன ஊழியர் வரப்போரத்திலேயே கட்டம் போட்டுவிட்டால், அல்லது வீட்டில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பிவிட்டால், காகிதம் காட்டிக்கொடுக்காது.

2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் இது பணப் பிரச்சினையாகவும் ஆனது. முக்கியப் பயிர்களுக்கு ஊராட்சி அளவிலான ஒவ்வொரு காப்பீட்டு அலகிலும் குறைந்தது நான்கு சோதனைகள் வேண்டும். கட்டத்தில் விழும் எடை, அந்த அலகின் விவசாயிகள் அனைவருக்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. அதற்காகவே வந்தது சி.சி.இ. அக்ரி செயலி. வயலின் ஜி.பி.எஸ். இடக்குறி, நேரம், கட்டம் போட்டது முதல் எடைபோட்டது வரையிலான படங்கள் எல்லாம் அதில் ஏறி, தேசியப் பயிர்க் காப்பீட்டுத் தளத்துக்குப் போகின்றன. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற, ரூ. 2,817 கோடி மதிப்பிலான டிஜிட்டல் வேளாண் இயக்கம், காப்பீட்டுக்கு அப்பால் பொதுவான விளைச்சல் மதிப்பீட்டையும் செயலிக்குக் கொண்டுவருகிறது.

பொதுக் கருவிகள்

உலக அளவில் இத்துறையின் தாய்வேர் ஓப்பன் டேட்டா கிட் (ஓ.டி.கே.). வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்டானோ பொரியெல்லோவும் அவருடைய மாணவர்களும் 2008 வாக்கில் தொடங்கிய திறமூல நிரல் இது. கேள்விகளை எக்செல் தாளில் எழுதினால் அதுவே ஆண்ட்ராய்டு படிவமாகிவிடும். சிக்னல் இல்லாத ஊரில் பதிந்து வைத்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் அனுப்பலாம். பொருந்தாத விடையை, உதாரணமாக 200 வயதை, படிவமே ஏற்காது. கோபோ டூல்பாக்ஸ், சர்வே சி.டி.ஓ. இரண்டும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. நெல், கோதுமைக் கலப்பினச் சோதனை செய்வோருக்கு 2014இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'ஃபீல்டு புக்' செயலி இன்னும் நெருக்கமானது. பாத்தி பாத்தியாக நகர்ந்து உயரம், பூக்கும் நாள், நோய் அளவு ஆகியவற்றைப் பதிய அது உதவும்.

சமூக அறிவியலில் இந்தியாவின் பங்கு கணிசமானது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் நடத்திய பள்ளிகளில் எஸ்தர் டுஃப்லோ, ரெமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் மூவரும் செய்த சோதனையில் கருவி வெறும் கேமரா. தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாதபடி அமைத்திருந்தார்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரையும் பிள்ளைகளையும் ஒரு மாணவர் படம் எடுப்பார். ஆசிரியரின் சம்பளம் அந்தப் படங்களைப் பொறுத்தது. வராத ஆசிரியர்களின் அளவு 42 சதவீதத்திலிருந்து 21ஆக இறங்கியது. இங்கே பதிவுக் கருவியே சோதனையின் மருந்தாகவும் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். அளப்பதும் மாற்றுவதும் இவ்வளவு பின்னிக்கிடந்த சோதனைகள் அரிது. இவ்வகை ஆய்வுகளை முன்னெடுக்கும் ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு 2007இல் சென்னையின் ஐ.எஃப்.எம்.ஆர். நிறுவனத்தில் தொடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வு அதன் நான்காம் சுற்றில் (2015–16) காகிதத்தைக் கைவிட்டு, சிறு கணினிகளுக்கு மாறியது.

ஆள் இல்லாத பதிவு

மந்திர் மார்க்கில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத் தர நிலையம் ஒன்று இரவும் பகலும் நுண்துகளை அளந்து தானாகவே இணையத்துக்கு அனுப்புகிறது. இத்தகைய நிலையங்கள் இருந்ததால்தான் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை டெல்லியில் ஒற்றை, இரட்டைப்படைப் பதிவெண் கார்களை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடவிட்ட திட்டத்தை ஒரு களச்சோதனையாகப் படிக்க முடிந்தது. பொருளியலாளர் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் உடனுழைத்தோரும் டெல்லியின் பதிவுகளை அக்கம்பக்க நகரங்களோடு ஒப்பிட்டனர். கட்டுப்பாடு இருந்த பகல் நேரங்களில் நுண்துகள் 10 முதல் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஏப்ரலில் மீண்டும் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை.

எல்லைகள்

செயலி வயலைக் காட்டும். வயலுக்குள் கட்டம் எங்கே விழுந்தது என்பதில் தடுமாறும். சாதாரணக் கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகக்கூடியது, கட்டமோ 5 மீட்டர். கதிர் ஈரமாக இருக்கும்போது எடைபோட்டார்களா, கதிரடித்த நெல் முழுதும் தராசுக்கு வந்ததா என்பதைப் படம் ஓரளவுக்கே சொல்லும். சுகாத்மே பயந்த விளிம்புப் பயிர் இன்னும் அதே விளிம்பில்தான் நிற்கிறது. அதனால் தேர்ந்த ஆய்வுக் குழுக்கள் செயலியோடு நிறுத்துவதில்லை. இன்னொருவரை அனுப்பி ஒரு பகுதியை மறுபடி கேட்கிறார்கள், இடையிடையே ஒலிப்பதிவு செய்து பேட்டி உண்மையில் நடந்ததா என்று பார்க்கிறார்கள். பயிர்க் காப்பீட்டில் இதே வேலையைச் செய்வது காப்பீட்டு நிறுவனப் பிரதிநிதியின் உடனிருப்பு.

அரசு இன்னொரு வழியையும் சேர்த்திருக்கிறது. 2023 காரீப் பருவம் முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் உள்ளிட்ட தொலையுணர்வுக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரப்படுகிறது. மீதி, வயலில் அறுத்த கட்டத்திலிருந்தே வருகிறது.