ஏட்டில் ஏறாத பெயர்கள்

போர்ச் சரித்திரம் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர், தளபதிகளின் நூல்களையே முதலில் நாடுகின்றனர். உள்ளூர் ஏடுகளையும் புரட்டினாலன்றி முழு உண்மை விளங்காது. சயாம்-பர்மா ரயில்பாதையே இதற்குத் தக்க சான்று.

1942-43-ல் ஜப்பானியர் அமைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கு உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெயர்கள் காஞ்சனபுரி முதலிய போர்க் கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசியத் தொழிலாளரோ 2 லட்சம் வரையில் இருந்தனர் என்பர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவருள் பல்லாயிரவர். அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. மாண்டோர் தொகையும் வெறும் மதிப்பீடே.

சரக்கு மூட்டையொன்று தவறினும் ஏட்டில் தேடிக் காணும் ரயில்வே குமாஸ்தா நான். மனிதர் இத்தனை பேர் கணக்கின்றி மறைந்தது என் நெஞ்சை உறுத்துகிறது.

தேட வழி உண்டு. போருக்கு முன் மலாயாவிலிருந்து ஊருக்கு வந்த கடிதம், ஆளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் காட்டும். அத்தோட்டத்தின் சம்பளப் பதிவேடு எஞ்சியிருப்பின், அப்பெயர் எம்மாதத்தில் நின்றது எனக் காட்டும். இரண்டையும் இணைப்பதே ஆய்வாளன் பணி.

ஆதலின் அன்பர்களே, பரணிலுள்ள பழங்கடிதங்களை எரித்துவிடாதீர். ஒரு பெயர் மீளினும் அது சரித்திரத் தொண்டே.