துழாயும் திருநீற்றுப்பச்சையும்: தில்லை வட்டாரத்து மனைச்செடிகள் இரண்டின் வரலாறு

முன்னுரை

ஊர்கள் பல மரத்தாற் பெயர் பெற்றமை தமிழகத்தில் யாவரும் அறிந்த செய்தி. சிதம்பரம் தில்லை எனப் பெயர் பெற்றதும் அவ்வாறே. ஆயினும் தில்லை மரத்தைச் செழிப்புற நின்ற நிலையிற் காண விழைவோர் இன்று ஊரை விட்டுக் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளுக்குச் செல்லுதல் வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்கட்கு இடையே பரந்த அச்சதுப்பு நிலக் காட்டில், கண்டல் முதலிய மரங்களுடன் தில்லையும் நிற்கின்றது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையை ஊறுபடுத்தும். ஆதலின் அம்மரம் ஊருக்குப் பெயர் தந்ததேயன்றி மனைக்குள் வந்ததில்லை.

மனைக்குள் வந்த செடிகள் வேறு. அவற்றுள் துளசியும் திருநீற்றுப்பச்சையும் குறிப்பிடத்தக்கன. இவ்விரண்டும் செடிநூலார் ஓசிமம் என வழங்கும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. இலையமைப்பிலும் மணத்திலும் கதிர்விடும் முறையிலும் உடன்பிறப்புகள் போன்றவை. எனினும் ஒன்று திருமாலுக்கு உரியதாயிற்று. மற்றொன்று சிவநெறிச் சின்னமாகிய திருநீற்றின் பெயரைத் தாங்கிற்று. ஒன்று மாடத்தில் ஏறிற்று. மற்றொன்று கொல்லையில் நின்றது. இவை மனைச்செடிகளான வரலாற்றையும், இவற்றின் பெயர்கள் நமக்கு உணர்த்துவனவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் நூல்களில் துழாய்

துளசி என்பது பிற்கால வழக்கு. பழைய வழக்கு துழாய் என்பதாம். துளவம், துளவு என்பனவும் உண்டு. மலையாளத்தில் இச்செடியைக் குறிக்கும் 'திருத்தாவு' என்னும் சொல் 'திருத்துழாய்' என்னும் வைணவ வழக்கை நினைவூட்டுகின்றது. வடமொழித் துளசி என்பதே தென்மொழியினின்று சென்றது எனக் கருதுவாரும் உளர். அச்சொல்லாராய்ச்சி தனியே செய்யத்தக்கது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலுள்ள மலர்ப்பட்டியலில் தில்லை, குல்லை, துழாய் ஆகிய மூன்றும் வருகின்றன. இப்பட்டியல் நமக்கு இரண்டு செய்திகளைத் தருகின்றது. முதலாவது, குல்லை வேறு, துழாய் வேறு என்பது. அகராதிகள் குல்லை என்பதற்குத் துளசி என்றும், கஞ்சங்கோரை என்றும், கஞ்சா என்றும் பொருள் கூறும். ஆயின் ஒரே பட்டியலில் இரு பெயர்களும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தலின், அவ்விடத்திலேனும் குல்லைக்குத் துளசி எனப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. கஞ்சங்கோரையும் ஓசிமப் பேரினத்ததே. எனவே ஒத்த மணமுடைய செடிகளை வேறுபடுத்திப் பெயரிடும் கூர்மை அக்காலத்தே இருந்தது என்பது போதரும்.

இரண்டாவது, இப்பட்டியல் குறிஞ்சி நிலத்துப் பூக்களை மட்டும் கூறுவதன்று என்பது. தில்லை கழிக்கரை மரம். நற்றிணையின் 195 ஆம் பாடல், கழியில் மீனுண்ட நீர்நாய் தில்லைப் பொதும்பில் உறங்குவதைக் கூறுகின்றது. பிச்சாவரத்தின் இயற்கையை நேரிற் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஆகவே கபிலர் பல நிலத்து மலர்களையும் ஒருங்கு தொகுத்தார் எனலே தகும். துழாய் அப்பட்டியலில் வருதல் கொண்டு அது மலைச்செடி எனத் துணிதல் ஆகாது. மணமலர்களுள் ஒன்றாக, தெய்வத் தொடர்பு சுட்டப்படாமல், அது நிற்கின்றது என்பதே அறியத்தக்கது.

பதிற்றுப்பத்திலும் பரிபாடலிலும் நிலை மாறுகின்றது. பதிற்றுப்பத்தின் 31 ஆம் பாட்டில் காப்பியாற்றுக் காப்பியனார் துழாய் மாலை அணிந்த திருமாலையும் அவன் கோயிலில் வழிபடுவோரையும் காட்டுகின்றார். பரிபாடலின் திருமால் பாடல்களில் துழாய் அக்கடவுளின் அடையாளமாகவே ஆகிவிடுகின்றது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ, ஆயர் சேரியிற் கூத்தாடும் மகளிருள் ஒருத்திக்குத் துழாய் மாலை சூட்டப்படுகின்றது. கடவுள் மார்பில் இருந்த மாலை மனையுறை மகளிர் கைக்கு வந்த இவ்விடம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

எனினும் இந்நூல்களிற் பேசப்படுவது மாலையே, செடி அன்று. சங்கப் பாடல்களில் மனையில் வளர்வனவாக நாம் காண்பவை வயலைக் கொடியும் நொச்சியும் முல்லையும் ஆம். ஆதலால் வீடுதோறும் துளசி வளர்க்கும் வழக்கம் தொன்றுதொட்டு மாறாது வருவது எனக் கூறுவார் கூற்று மறுஆய்வுக்கு உரியது. செடி தொன்மையானது, பெயர் தொன்மையானது, தெய்வத் தொடர்பும் தொன்மையானது. மனைச்செடியாதல் அதன்பின் வந்த படியாகும்.

நந்தவனம் என்னும் இடைப்படி

காட்டுக்கும் மனைக்கும் இடையே நின்றது நந்தவனம். ஆழ்வார்களுள் இருவர் வரலாறு நந்தவனத் தொண்டோடு பிணைந்தது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் அத்தொண்டைச் செய்தவர். தம் திருமாலையின் முடிவில் தம்மைத் துளவத் தொண்டினராகவே கூறிக்கொள்கின்றார். பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தவர். ஆண்டாள் அங்குத் துளசிச் செடியின் அடியிற் குழவியாகக் கண்டெடுக்கப்பட்டாள் என்பது குருபரம்பரைச் செய்தி. இதனை வரலாறாகக் கொள்ளாவிடினும், ஒரு மகளின் பிறப்போடு செடியை இணைத்த அக்கதை, துளசியை இல்லத்துப் பெண்ணாகக் கருதிய மனநிலையைப் புலப்படுத்துகின்றது. பிருந்தாவனத் துவாதசியன்று துளசிக்குத் திருமணம் செய்விக்கும் வழக்கமும் இம்மனநிலையின் விளைவே.

சைவத்திலும் பூப்பறித்தல் சிறு தொண்டன்று. உமாபதி சிவனார் இயற்றிய கோயிற்புராணம், தில்லைவனத்தில் வழுவாது மலர் கொய்தற்பொருட்டுப் புலிக்கால் பெற்ற வியாக்கிரபாதரைக் கூறுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகள் பல, திருநந்தவனத்துக்கும் அதனைப் பேணும் நந்தவனக் குடிகளுக்கும் நிலம் விட்ட செய்தியைத் தருகின்றன. செடியை நட்டு, நீர் இறைத்து, கதிர் கிள்ளி, விதை காத்துப் பேணும் கைத்திறன் இக்குடிகளால் வழிவழி வளர்ந்தது. அத்திறனே கோயிலைச் சூழ்ந்த வீதிகளின் மனைகளுக்கும் பரவியது எனக் கருதுதல் இயல்பாகும். மனைவரலாறு கல்லில் வெட்டப்படுவதில்லை. அதனைக் கருவியாலும் வழக்கத்தாலும் உய்த்துணர்தலே வழி.

மாடமும் முறையும்

அக்கருவிகளுள் முதன்மையானது துளசி மாடம். முற்றத்தின் நடுவிலோ கொல்லைப்புறத்திலோ உயர்ந்த சதுரமாகக் கட்டி, மேலே மண்ணிட்டு, பக்கத்தில் அகல் வைக்கக் குழி அமைப்பர். இதன் சமயப் பொருள் யாவரும் அறிந்ததே. இதன் வேளாண் பொருளோ பெரிதும் கருதப்படவில்லை. துளசி நீர் தேங்கும் மண்ணிற் செழிப்பதில்லை. உவர் மிகுந்த மண்ணும் அதற்கு ஏற்றதன்று. கார்த்திகை மழையில் நீர் நிற்கும் தாழ்ந்த நிலமும், பிச்சாவரத்தை ஒட்டிய கடலோர உவர் நிலமும் உடைய இவ்வட்டாரத்தில், நிலமட்டத்துக்கு மேல் வேற்று மண்ணிட்டு உயர்த்திய மாடம் செடிக்கு ஏற்ற இடமாயிற்று. வானம் திறந்த முற்றத்தில் வெயிலும் தடையின்றி வீழ்ந்தது.

வழிபாட்டு முறைகளும் இவ்வாறே. நாள்தோறும் நுனிக்கதிரைக் கிள்ளுதலால் கீழ்க்கணுவிலிருந்து இரு கிளைகள் தோன்றும். செடி விதைக்கு முற்றாமல் இலை மிகும். கிள்ளாது விட்ட செடி பூத்து விதையிட்டு மெலியும். துவாதசியன்று பறித்தலாகாது, பொழுது சாய்ந்தபின் பறித்தலாகாது என்னும் விலக்குகள் செடிக்கு ஓய்வளித்தன. நாட்காலையில் ஒரு செம்பு நீர் வார்ப்பதும் அளவறிந்த செயலே. விதித்தவர் நோக்கம் எதுவாயினும், விளைவு செடிக்கு நலமாயிற்று.

திருநீற்றுப்பச்சை

இனி மற்றைச் செடியைக் காண்போம். திருநீற்றுப்பச்சை, உருத்திரச்சடை என்னும் இரு பெயர்களும் சிவநெறிச் சார்புடையன. ஆயினும் இதற்கு மாடம் கட்டுவாரில்லை, திருமணம் செய்வாரில்லை. கொல்லையிலும் கிணற்றடியிலும் தானே விதை உதிர்ந்து முளைத்து நிற்கும். துளசி அடியில் மரத்தன்மையுற்றுச் சில ஆண்டு நிற்க, இது பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. இலையை மாலையிலும் மருந்திலும் பயன்படுத்துவர். இதன் விதையே சப்ஜா விதை. நீரில் ஊறவிட்டால் வழுவழுப்பான உறையுடன் பருக்கும். கோடையில் நன்னாரிச் சாற்றோடு கலந்து குடிப்பர். சப்ஜா என்பது பசுமையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பச்சை என்றே தமிழர் அழைத்த செடியை, அப்பொருளுடைய அயற்சொல்லாலும் கடைவீதி அழைப்பது வியப்பே.

லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இச்செடிக்கு ஓசிமம் பசிலிக்கம் எனப் பெயரிட்டார். பசிலிக்கம் என்பது அரசர்க்குரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. துளசிக்கு அவர் 1767 இல் தந்த பெயரோ தூயது என்னும் பொருளுடைய சாங்க்டம் என்பது. இன்று செடிநூலார் கொள்ளும் தெனுயிபுளோரம் என்பதும் அவர் 1753 இல் இட்டதே. இத்தாலியில் ஜெனோவா நகரத்தார் பசிலிக்கத்தின் இலையை அரைத்துத் துவையல் செய்கின்றனர். தாய்லாந்து மக்கள் நாம் தூயதெனப் போற்றும் துளசியையே இறைச்சியோடு வதக்கி உண்கின்றனர். தமிழர் துளசியை நீரிலும் கியாழத்திலும் இட்டுப் பருகினரேயன்றிக் கறியாக்கவில்லை. ஒரு செடி உணவாவதும் தெய்வமாவதும் அதன் இயல்பால் மட்டும் அமைவதன்று. மக்கள் மரபால் அமைவது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

தில்லையில் இரு நெறியும்

பெயரால் இவ்விரு செடிகளும் பிரிந்தவாறே, தில்லையிற் சமயங்களும் பிரிந்தும் சேர்ந்தும் நின்றன. குலசேகராழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சித்திரகூடம் நடராசர் கோயிலின் உள்ளேயே உள்ளது. இரண்டாம் குலோத்துங்கன் அத்திருமேனியைக் கடலில் இடுவித்தான் என்பது ஒட்டக்கூத்தர் பாடல்களால் அறியப்படுவது. விசயநகர வேந்தர் அச்சுததேவராயர் 1539 ஆம் ஆண்டில் கோவிந்தராசரை மீண்டும் எழுந்தருளுவித்தார். அரசர் மாறுந்தோறும் கோயிலில் நிகழ்ந்தவை இவை. மனையின் நிலை வேறு. இருமலுக்குத் துளசிச் சாறு தேடுங்கால் சைவர் மனை, வைணவர் மனை என்னும் வேறுபாடு எழுவதில்லை. கோடையில் விதை ஊறவைக்குங்கால் திருநீற்றின் பெயர் யாருக்கும் தடையாவதில்லை. பெயர் வேறுபடுத்தியதைப் பயன் ஒன்றுபடுத்திற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், துழாய் மணமலராகவும், பின் திருமாலின் மாலையாகவும், நந்தவனச் செடியாகவும், இறுதியில் மாடத்துச் செடியாகவும் படிப்படியே மனையை அடைந்தது எனலாம். திருநீற்றுப்பச்சை அத்தகைய சிறப்பெதுவும் இன்றி, பயன் ஒன்றினாலேயே மனையில் நிலைத்தது.

இன்று முற்றங்கள் அருகி, மாடம் பலகணியோரத் தொட்டியாகச் சுருங்கிவிட்டது. சில நாழிகை நேரடி வெயில் வீழும் பலகணியும், அடியில் நீர் வடியும் துளையும் இருப்பின், இரு செடிகளும் தொட்டியிலும் வளரும். நுனி கிள்ளும் பழைய முறையே அங்கும் பொருந்தும். இடம் சுருங்கியதால் நேர்ந்த இழப்பு சிறிது. பெயர் மறந்ததால் நேர்ந்த இழப்பே பெரிது. துளசிக்கு வழிபாடு துணை நின்றமையால் அதன் பெயர் வாழ்கின்றது. திருநீற்றுப்பச்சையைப் பலர் மறந்தனர். நகரக் கடைகளில் 'பேசில்' என்னும் பெயரால் விலையுயர்ந்த அயல்நாட்டுக் கீரையாக விற்கப்படுவது அதே இனமே. வகை மட்டும் வேறு. தன் கொல்லையில் தானே முளைத்ததை அயற்செடி என்று வாங்கும் நிலை பெயரிழப்பின் பயனாகும்.

ஆகவே செடிப்பெயர்களைத் தொகுக்கும் மாணாக்கர் அகராதியோடு அமையாது, கழிக்கரைச் சிற்றூர்களிலும் கோயில் வீதிகளிலும் முதியோர் வழங்கும் பெயர்களைச் செடியோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். தில்லை மரம் ஊரினின்று நீங்கியும் பெயரால் ஊரில் வாழ்கின்றது. திருநீற்றுப்பச்சையோ மனையில் நின்றும் பெயரை இழந்து வருகின்றது. முன்னதை நிலைநிறுத்தியவை பாட்டும் புராணமும். பின்னதைக் காக்கும் கடமை சொல்லாராய்ச்சியாளரைச் சார்ந்தது.