ஓத்தோவின் காலாவதியான பாஸ்

அரசு ஊழியர் கட்டணத்தில் அறை எடுத்தால் ஹோட்டல் வரவேற்பில் அடையாள அட்டை கேட்பாங்க. சிலருக்கு இதில் கோபம் வரும். "என்னை நம்பலையா?" என்பார்கள். இந்தச் சோதனை யாருக்காக வந்தது என்று தேடிப் போனால், ரோமானியச் சாலைகளில் ஒரு நல்ல விடை கிடைக்கிறது.

பேரரசர் அகஸ்டஸ் ஓர் அரசுப் போக்குவரத்து முறையை ஏற்படுத்தினார். அரசு வேலையாகப் போகிறவர்களுக்கு வழியிலுள்ள ஊர்கள் வண்டி, கோவேறு கழுதை, தங்க இடம் எல்லாம் தரணும். அதற்கான அனுமதிச் சீட்டின் பெயர் டிப்ளோமா. (படிச்சு வாங்குற டிப்ளோமா இல்லைங்க!)

இன்றைய துருக்கியில் உள்ள சகலாசோஸ் என்ற பழைய ஊரின் கல்வெட்டு ஒன்றை ஸ்டீபன் மிட்செல் 1976இல் வெளியிட்டார். திபேரியஸ் ஆட்சியின் தொடக்கத்தில் மாகாண ஆளுநர் போட்ட ஆணை அது. கிட்டத்தட்ட ஒரு கட்டணப் பட்டியல் மாதிரியே இருக்கு. செனட்டருக்கு அதிகபட்சம் 10 வண்டி, அரசுப் பணியிலுள்ள குதிரை வகுப்பினருக்கு 3, செஞ்சூரியனுக்கு 1. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வண்டிக்கு 10 அஸ் காசு, கோவேறு கழுதைக்கு 4. சொந்த வியாபாரத்துக்குத் தானியம் ஏற்றிப் போனால் எதுவும் கிடையாது. ஆளுநரின் பரிவாரம், படைவீரர்கள், பேரரசரின் அடிமைகள் போன்றோருக்குத் தங்குமிடம் மட்டும் இலவசம். மற்றதை விருப்பமில்லாதவர்களிடம் ஓசியில் வாங்கக் கூடாது.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். சலுகையை அறிவிச்சது ரோம், செலவு ஊர்க்காரர் தலையில்! தகுதியில்லாத ஒவ்வொரு விருந்தாளியும் அவர்களுக்கு நஷ்டம்.

டிப்ளோமாவுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. தேதி முடிந்த சீட்டு செல்லுமா என்று ஆளுநர் பிளினி கேட்டபோது, செல்லாது என்று பேரரசர் திராயான் பதில் எழுதினார். அதே பிளினி பிறகு, தாத்தாவை இழந்த தன் மனைவி சீக்கிரம் போய்ச் சேர டிப்ளோமா கொடுத்துவிட்டு, திராயானுக்கு விளக்கக் கடிதம் எழுதினார். திராயான் அதை ஏற்றுக்கொண்டார்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. கி.பி. 69இல் பேரரசர் ஓத்தோ போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார். அவர் பெயரிலிருந்த சீட்டை வழியில் யாரும் மதிக்கவில்லை. கையில் அந்தச் சீட்டோடு பயணம் செய்த கோயனுஸ் என்பவர், ஓத்தோவின் படை திரும்ப ஜெயிச்சுடுச்சு என்று புரளி கிளப்பினார். சீட்டுக்கு மறுபடி உயிர் வந்தது, வேகமாக ரோம் போய்ச் சேர்ந்தார். சில நாளில், ஜெயித்த விதெல்லியஸ் அவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டார். இதைப் பதிவு செய்தவர் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

சகலாசோஸ் கல்வெட்டு இரண்டு மொழிகளில் இருக்கிறது. லத்தீன் ரோமானிய அதிகாரியின் மொழி. கிரேக்கம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மொழி. அதிகாரத்தோடு வந்து நிற்கிறவரிடம் "சீட்டைக் காட்டுங்க" என்று சொல்ல, அவர்களுக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது.