நிழற்காரைத் துரத்தியவர்கள்

2023-இல் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’ திரைப்படத்தைக் கண்டவர்கள், கணினி விளையாட்டிலிருந்து மெய்யான பந்தயத் தடத்திற்கு வந்த முதல் மனிதர் ஜான் மார்டன்பரோ என்றே எண்ணியிருப்பர். வரலாறு அவ்வாறன்று. நிசானும் சோனியும் இணைந்து 2008-இல் தொடங்கிய ஜிடி அகாடமியின் முதல் வெற்றியாளர் லூக்காஸ் ஓர்தோன்யெஸ் என்னும் ஸ்பானியர்; அப்போது அவர் மேலாண்மைப் படிப்பு மாணவர். பிளேஸ்டேஷனில் பதிவான சுற்று நேரங்களால் தேர்வாகி, மெய்யான காரில் வைக்கப்பட்ட சோதனைகளையும் கடந்து, 2009 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அவர் ஓட்டினார். 2011 லே மான் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் அவர் இருந்தார். மார்டன்பரோ அகாடமியை வென்றதே அந்த 2011-இல்தான்.

பல்லாயிரவர் ஒரே விளையாட்டை ஆடியும் சிலருக்கு மட்டும் நொடியின் பத்திலொரு பங்கு, பின் இன்னொரு பங்கு எனக் குறைந்துகொண்டே வந்தது எவ்வாறு? விடையின் ஒரு பாதி 1997-லேயே இருக்கிறது. கசுனோரி யமாவுச்சி உருவாக்கிய முதல் ‘கிரான் டூரிஸ்மோ’வில், ஆடுபவரின் சிறந்த சுற்று ஒரு நிழற்காராகத் தடத்தில் உடன் ஓடும். தன்னைவிடத் தான் எந்த இடத்தில் பின்தங்குகிறோம் என்பதை ஒருவர் கண்ணாலேயே காண முடிந்தது. பெரும் அணிகளின் பொறியாளர்கள் தரவுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்டறிந்ததை, ஒரு சிறுவன் தன் அறையில் அமர்ந்து கண்டுகொண்டான். இதன் முக்கியத்துவத்தைப் பந்தய உலகம் உணரப் பத்தாண்டுகள் பிடித்தன என்பது வியப்பே.

நிழற்கார் முதலில் கற்பிக்கும் பாடம் கசப்பானது. புதியவர் வளைவுக்கு மிக அருகில் சென்று பிரேக் மிதித்து, நிழலை முந்திவிட்டதாக மகிழ்வார். வளைவைவிட்டு வெளியேறுகையில் அதே நிழல் அவரைக் கடந்து போய்விடும். அடுத்த நேர்ப்பாதை முழுவதும் இடைவெளி பெருகும். டயரின் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது என்பதே காரணம். அதை முழுவதும் பிரேக்கிற்குச் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிராது. ஆகவே தேர்ந்த ஓட்டுநர், காற்றழுத்தம் காரைத் தரையோடு அழுத்திவைத்திருக்கும் உயர்வேகத்தில் பிரேக்கை மிகக் கடுமையாக மிதிப்பார். வேகம் குறையக் குறைய மிதியைத் தளர்த்தியவாறே ஸ்டீயரிங்கைத் திருப்புவார். முன்சக்கரங்களின் மீது சற்றே தங்கியிருக்கும் எடை காரின் மூக்கை வளைவின் உள்விளிம்புக்கு இழுத்துச் செல்லும். மிதிப்பதைவிட விடுவதே கடினமான கலை.

2006-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஜிடி3 வகைப் பந்தயம் இக்கலைக்கு உரிய களமாயிற்று. எடை, எஞ்சின் ஆற்றல் முதலியவற்றை மாற்றி வெவ்வேறு நிறுவனக் கார்களைச் சமநிலைப்படுத்தும் விதி அதில் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்கும் அனுமதி உண்டு. கார்கள் நெருங்கிவந்தபின் எஞ்சிய வேறுபாடு பெரும்பாலும் ஓட்டுபவரின் காலிலும் கண்ணிலும் இருந்தது. தொழில்முறை ஓட்டுநரும் அமெச்சூரும் இணைசேரும் பந்தயங்களில் அகாடமி மாணவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்ற சிக்கலும் எழுந்தது. அனுபவக் கணக்கில் அவர்கள் புதியவர்கள். வேகத்திலோ அமெச்சூர்களை எளிதில் விஞ்சினர். 2013-இல் பிரிட்டிஷ் ஜிடி தொடர் அகாடமியின் புதிய ஓட்டுநர்களை ஏற்க மறுத்ததற்கு இதுவே பின்புலம். விளையாட்டுப் பிள்ளைகள் என எள்ளப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைத்திராது.

ஆயினும் திரை கற்பிக்காத ஒன்று இருந்தது. ஐரேசிங் தளத்தின் பெரும் வெற்றியாளரான ஃபின்லாந்தின் கிரேகர் ஹுட்டுவை ‘டாப் கியர்’ இதழ் அமெரிக்காவின் ரோட் அட்லாண்டா தடத்தில் மெய்யான பந்தயக் காரில் அமர்த்தியது. பிரேக் இட வேண்டிய இடங்களை அவர் முன்பே அறிந்திருந்தார். உடல்தான் இணங்கவில்லை, வளைவுகளின் விசையைத் தாளாது வாந்தி எடுத்தார்.

இனி ஃப்ளூக்பிளாட்ஸ். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்கிரிங் வடக்குச் சுற்றில் உள்ள மேடு அது. ஜெர்மன் மொழியில் ‘விமானத்தளம்’ என்று பொருள். கார்கள் அங்கே மேலெழுவதால் வந்த பெயர் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அருகே முன்பிருந்த சிறு விமானத்தளமே பெயர்க்காரணம். பொருள் பின்னால் வந்து பெயரில் ஒட்டிக்கொண்டது.

2015 மார்ச் 28 அன்று, மார்டன்பரோ ஓட்டிய நிசான் ஜிடி-ஆர் ஜிடி3 அம்மேட்டில் மூக்குயர்ந்து, காற்றில் புரண்டு, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். ஓட்டுநர் பிழைத்தார். அவர் கணினியில் கற்றவர் என்பதைக் காரணமாகச் சுட்டுவது எளிது. ஆனால் தடத்தை நிர்வகித்தவர்கள் எடுத்த நடவடிக்கை வேறு திசையைக் காட்டுகிறது. அவர்கள் அதிவேக வகைக் கார்களை முதலில் நிறுத்திவைத்தனர். பின் எல்லா ஓட்டுநர்க்கும் சில பகுதிகளில் வேகவரம்பு விதித்தனர். அடுத்த குளிர்காலத்தில் அம்மேட்டின் பரப்பையே திருத்தியமைத்தனர்.

திரைப்படம் இவ்விபத்தை மார்டன்பரோவின் லே மான் வெற்றிக்கு முன்னதாக நகர்த்தி, நாயகன் மீண்டெழுவதற்கான படியாக்கிவிட்டது. அந்த லே மான் நடந்தது 2013 ஜூனில். ஓர்தோன்யெஸ், ஜெர்மனியின் அனுபவ ஓட்டுநர் மிக்கேல் க்ரும் ஆகியோருடன் எல்எம்பி2 பிரிவில் அவர் மூன்றாமிடம் பெற்றபோது, நூர்பர்கிரிங் விபத்துக்கு இன்னும் 21 மாதங்கள் இருந்தன. இறந்துபோன அந்தப் பார்வையாளர் உயிருடன் இருந்தார்.