ஹூண்டாய்க்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டிப் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை தெரிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், சாம்சங் ஆலை. ஓரகடம் பக்கம் திரும்பினால் 2010ல் திறந்த ரெனோ-நிசான் ஆலை, வல்லம் வடகாலில் 2015ல் வந்த யமஹா. நமக்கு இவையெல்லாம் கார், டிவி, பைக். கொரியாவிலும் ஜப்பானிலும் போய் இதே பெயர்களைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பேஸ்பால்!

சாம்சங் லயன்ஸ், 1982ல் கொரியத் தொழில்முறை லீக் தொடங்கியபோதே இருந்த அணி. சென்னையின் பாரிஸ் மிட்டாய்க் கம்பெனியை 2004ல் வாங்கிய லாட்டேக்கு லாட்டே ஜயன்ட்ஸ். கியாவுக்கு கியா டைகர்ஸ். நிசானின் கம்பெனி அணிகள் ஓரகடம் ஆலை திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 சீசனோடு மூடப்பட்டு, 2025ல் மறுபடி உயிர் பெற்றன. இந்த வரிசையில் இன்று இல்லாத பெயர் ஒன்று உண்டு: ஹூண்டாய் யூனிகார்ன்ஸ். பன்னிரண்டே சீசன் ஆடி நான்கு கோப்பை வென்ற அணி அது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பந்து எறிபவர்களை அது எப்படிச் சேர்த்தது, பிறகு எப்படி இழந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பேஸ்பாலில் பிட்ச்சர் என்பவர் நம் பந்துவீச்சாளர் மாதிரி, ஆனால் சுமை அதிகம். ட்வென்டி20யில் ஒருவருக்கு 4 ஓவர், அதாவது 24 பந்துதான். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஒரே நாளில் சுமார் 100 பந்து எறிவார். அதனால் அடுத்த நான்கைந்து நாள் அவரைத் தொட முடியாது. ஆக ஐந்து பேர் முறை வைத்து எறிய வேண்டும், பின்னால் முடித்து வைக்க இன்னும் சிலர். தோளும் முழங்கையும் தேய்ந்துகொண்டே இருக்கும். எந்த அணிக்கும் போதுமான பிட்ச்சர்கள் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. எனவே சீசன் முடிந்ததும் எல்லா அணிகளும் இதே ஆளைத்தான் தேடும். இந்தக் குளிர்காலப் பேரத்துக்குக் கொரியாவில் 'ஸ்டவ் லீக்' என்று பெயர். வெளியே பனி கொட்டும்போது அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து யார் எங்கே போகிறார் என்று பேசுவதால் வந்த பெயர், அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர் டீக்கடை பெஞ்சில் ஐபிஎல் ஏலம் அலசப்படுவது போல.

ஹூண்டாய் 1995ல் இன்சோன் நகரின் பசிபிக் டால்ஃபின்ஸ் அணியை வாங்கி, யூனிகார்ன்ஸ் என்று பெயர் மாற்றி 1996ல் களமிறக்கியது. அதே 1996ல்தான் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனமும் பதிவானது. அணியோடு நல்ல பிட்ச்சர்களும் சொத்தாக வந்தார்கள். அவர்களில் சங் மியோங் வோன், அந்த ஆண்டு இறுதித் தொடரான கொரியன் சீரிஸில் ஒரு முழு ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. அந்தத் தொடரில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. ஆனாலும் கோப்பை ஹைதாய் டைகர்ஸுக்குப் போனது. 1997ல் ஹூண்டாய் ஆறாவது இடத்துக்குச் சரிந்தது.

பிறகு வந்தது 1997 நவம்பர். ஆசிய நிதி நெருக்கடியில் கொரியா ஐஎம்எஃப் வாசலில் நின்ற மாதம். சங்பாங்உல் ரைடர்ஸ் என்று ஓர் அணி. அதன் முதலாளி உள்ளாடை தயாரிக்கும் கம்பெனி (திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஐபிஎல் அணி வைத்திருந்தால் எப்படி, அப்படி). கம்பெனி திவாலாக, அணி தன் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றுப் பிழைத்தது. அவர்களில் கேட்ச்சர் பார்க் கியோங் வானை ஹூண்டாய் 90 கோடி வொன் பணமும் இரண்டு ஆட்டக்காரர்களும் கொடுத்து வாங்கியது. அடுத்த கோடையில் அதே அணியின் பிட்ச்சர் சோ கியூ ஜேயும் வந்து சேர்ந்தார்.

பிட்ச்சர் வேண்டும் என்று அலைந்த அணி ஏன் முதலில் கேட்ச்சரை வாங்கியது? நம் விக்கெட் கீப்பரைவிடக் கேட்ச்சருக்கு அதிகாரம் அதிகம். எந்தப் பந்தை எங்கே எறிவது என்று விரலால் சைகை காட்டுபவர் அவர்தான். நல்ல கேட்ச்சர் ஒருவர் வந்தால் ஐந்து பிட்ச்சர்களும் ஒரு படி மேலே போவார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஹூண்டாய் செய்த வேலைகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். கூடவே, இன்னொருவன் வீடு எரியும்போது சாமான் வாங்கியது என்பதும் உண்மை.

பலன் உடனே கிடைத்தது. 1998ல் எல்ஜி ட்வின்ஸை 4-2 என்று வீழ்த்தி முதல் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பிட்ச்சர் சங் மின் தே. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் இருங்காட்டுக்கோட்டையின் முதல் கார் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. 2000ல் நடந்தது இன்னும் அபூர்வம். சங் மின் தே, கிம் சூ கியோங், லிம் சுன் டாங் என்று ஒரே அணியின் மூன்று பிட்ச்சர்கள் ஆளுக்கு 18 வெற்றி பெற்று லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மூவருக்கும் சைகை காட்டியவர் பார்க். அணி 91 ஆட்டங்களை வென்றது, கோப்பையும் வந்தது.

இதற்கிடையில் சட்டம் மாறியிருந்தது. அதுவரை ஓர் ஆட்டக்காரர் சேர்ந்த அணிக்கே சொந்தம். அணியாகப் பார்த்து விற்றால்தான் உண்டு. 1999 சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் முறை வந்தது. நெடுங்காலம் ஆடியவர் இனி தன் விலையைத் தானே பேசலாம். அந்த முறையில் கொரியாவில் முதலில் கையெழுத்திட்டவரும் ஒரு பிட்ச்சர், ஹன்வா அணியின் சோங் ஜின் வூ. இருந்த அணியிலேயே தங்கிவிட்டார். சாம்சங் ஹைதாயிடமிருந்து பிட்ச்சர் லீ காங் சோலையும், எல்ஜியிடமிருந்து கேட்ச்சர் கிம் டாங் சூவையும் இழுத்தது. இரண்டுமே சாம்சங்குக்குப் பலிக்கவில்லை. முப்பது வயது தாண்டிய தோளை நம்பி வாங்குவது, ஓடிய மீட்டரைப் பார்க்காமல் பழைய கார் வாங்குவது போலத்தான்.

அந்தக் கிம் டாங் சூவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2002 முடிந்த குளிர்காலத்தில் ஹூண்டாய்க்கு நெருக்கடி. பார்க் கியோங் வான் ஃப்ரீ ஏஜென்டாகி எஸ்கே அணிக்குப் போய்விட்டார். விலைக்கு வாங்கிய கேட்ச்சர் விலை பேசிக்கொண்டே போனார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதிலுக்குப் பெரிய பெயர் வாங்கப் பணமில்லை. எஸ்கே அணி வேண்டாம் என்று விட்ட கிம் டாங் சூவைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்தார்கள். ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸில் இரண்டு ஆண்டு பெஞ்சில் தேய்ந்த சங் மின் தே திரும்பி வந்தார். அவருக்கு மட்டும் 50 கோடி வொன் சம்பளம். முந்தைய ஆண்டுதான் சோ யோங் ஜுன் என்ற இளம் பிட்ச்சர் சிறந்த புதுமுகம் விருது வாங்கியிருந்தார். 2003லும் 2004லும் அதே விருது மறுபடி ஹூண்டாயின் புதுமுகப் பிட்ச்சர்களுக்கே போனது. மூன்று ஆண்டு தொடர்ச்சியாக!

2003 கொரியன் சீரிஸில் எதிரே நின்றது எஸ்கே. அதன் கேட்ச்சர் பார்க். இந்தப் பக்கம் எஸ்கே கழித்துவிட்ட கிம். சங் மின் தே மூன்று ஆட்டங்களை வென்று கொடுக்க ஹூண்டாய் 4-3 என்று ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தில் அவர் எதிரணிக்கு ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. 1998ல் பணத்தால் செய்ததை இம்முறை கழிவு விலையில் செய்தார்கள். நான்கு கோப்பைகளில் இதுவே சிறந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

2004 தொடர் தனிக் கதை. சாம்சங்கை எதிர்த்து ஒன்பது ஆட்டம் ஆட வேண்டி வந்தது, மூன்று ஆட்டங்கள் டிராவில் முடிந்ததால். நான்காவது ஆட்டத்தில் சாம்சங்கின் பே யங் சூ பத்து இன்னிங்ஸ் எறிந்து ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை, அப்படியும் 0-0! கடைசி ஆட்டம் கொட்டும் மழையில் நவம்பர் 1 அன்று நடந்தது. ஹூண்டாய் வென்றது. அதற்கு அடுத்த கோப்பை வரவே இல்லை.

காரணம் மைதானத்தில் இல்லை. ஹூண்டாய் என்றால் ஒரே கம்பெனி என்று நாம் நினைக்கிறோம். நிறுவனர் சங் ஜூ யங்கின் மகன்களுக்குள் 2000ல் வாரிசுப் போர் வெடித்தது. கார் கம்பெனி சங் மோங் கூவோடு தனியாகப் பிரிந்தது. பேஸ்பால் அணி இருந்ததோ தம்பி சங் மோங் ஹுன் பக்கம், ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸிடம். அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி 2001ல் ஹைனிக்ஸ் என்று பெயர் மாறியது. சங் மோங் ஹுன் 2003 ஆகஸ்டில் இறந்தார். கார் கம்பெனி அணியை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதன் கையில் இருந்த கியா 2001லேயே ஹைதாய் டைகர்ஸை வாங்கிவிட்டது.

இன்னொரு தவறு அணியே செய்தது. சியோலுக்குக் குடிபெயரும் கனவில் 2000ல் இன்சோனைப் புது அணியான எஸ்கேக்கு விட்டுக்கொடுத்து, தற்காலிகமாக சுவோனில் தங்கியது. சியோல் போகப் பணம் இல்லாமல் தற்காலிகமே நிரந்தரமானது. கொரியாவில் அப்போது ஒவ்வொரு அணிக்கும் தன் சொந்த வட்டாரப் பள்ளி மாணவர்களில் முதல் தேர்வு உரிமை உண்டு. ஊரில்லாத அணிக்கு வட்டாரமும் இல்லை. சில ஆண்டுகள் முதல் தரப் பையன்கள் கைக்கு வரவே இல்லை. ஃப்ரீ ஏஜென்ட் வாங்கப் பணமில்லை, விற்க மட்டும் ஆள் இருந்தார்கள். 2004 நவம்பரில் சாம்சங், ஷிம் ஜோங் சூவை நான்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 600 கோடி வொன் என்று அன்றைய சாதனை விலைக்கும், பார்க் ஜின் மன்னை அவரோடு சேர்த்தும் தூக்கியது. அடுத்த இரண்டு கோப்பைகளும் சாம்சங்குக்கே. சோ யோங் ஜுன் தோள் காயத்தால் 2005க்குப் பின் பழைய நிலைக்கு வரவில்லை. சங் மின் தேயின் தோளும் போனது.

ஹூண்டாய் பெயர் தாங்கிய மற்ற கம்பெனிகளின் உதவியில் அணி 2006 வரை ஓடியது, இரண்டாம் இடம் கூடப் பிடித்தது. 2007ல் லீக்கே செலவை ஏற்றது. சுவோனில் அந்த அக்டோபரில் நடந்த கடைசி ஆட்டம் வெற்றியோடு முடிந்தது.

2008 பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் இரண்டாவது ஆலை திறந்தது. அதே மாதம் 20ம் தேதி மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம். சென்னை அணி முரளிதரனை 6 லட்சம் டாலருக்கு எடுத்தது. பந்து எறிபவனுக்கு இவ்வளவா என்று நம் ஊர் வாயைப் பிளந்த அந்த நாட்களில், யூனிகார்ன்ஸ் ஆட்டக்காரர்களைக் கொண்டு சியோலில் உருவான ஹீரோஸ் என்ற புது அணி அவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு வெட்டிக்கொண்டிருந்தது. சங் மின் தே அந்தத் தொகைக்கு ஒப்பவில்லை, வெளியேறினார். அவரை எடுத்துக்கொண்டது கியா டைகர்ஸ், அதாவது ஹூண்டாய் மோட்டாரின் சொந்த அணி. தோள் ஒத்துழைக்கவில்லை, அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். 2009ல் ஹீரோஸ் அணி அவரை மறுபடி அழைத்தது, பிட்ச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க.